ஜிபியு முடுக்கத்தை இயக்கினால் கறுப்புக் கட்டங்கள், அணைத்தால் ஆமை வேகம்: கோளாறு எங்கே இருக்கிறது?

நிழற்பதிவன்:

வணக்கம் நண்பர்களே. ஆறு மாதங்களாக ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த என் மேசைக்கணினியில், பழைய ஃபுல் எச்டி மானிட்டரை எடுத்துவிட்டு 4கே மானிட்டரை இணைத்த நாள் முதலாக, ரா கோப்புகளைத் (கேமரா சென்சார் பதிவுசெய்த மூலக் கோப்புகள்) திருத்தும் மென்பொருள் படுத்தத் தொடங்கியிருக்கிறது. 45 மெகாபிக்சல் படம் ஒன்றில் இரைச்சல் நீக்கத்தை இயக்கினால் முன்பு 9 அல்லது 10 நொடிகளில் முடிந்துவிடும். இப்போது சில படங்களுக்கு 40 நொடிகளுக்கு மேல் ஆகிறது. படத்தை 100 விழுக்காடு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கும்போது அங்கங்கே கறுப்புக் கட்டங்கள் தோன்றுகின்றன. நாளுக்கு ஓரிரு முறை திரை முழுவதும் ஒரு நொடி இருண்டு மீண்டும் வருகிறது. அப்படி வந்தபின் மென்பொருளில் ஜிபியு முடுக்கம் (கணக்குகளை கிராஃபிக்ஸ் கார்டின் செயலியிடம் ஒப்படைத்து விரைவாக்கும் வசதி) தானாகவே அணைந்திருப்பதைக் காண்கிறேன்.

கணினி விண்டோஸ் 11இல் இயங்குகிறது. தனி கிராஃபிக்ஸ் கார்டில் 4 ஜிபி மெமரி உண்டு, கணினியின் ரேம் 32 ஜிபி. கார்டை இயக்கும் டிரைவர் நிரலைப் புதிய பதிப்புக்கு மாற்றியும், மென்பொருளை முற்றிலும் நீக்கி மறுபடி நிறுவியும் பார்த்துவிட்டேன், பயனில்லை. முடுக்கத்தை அணைத்துவிட்டால் கட்டங்கள் வருவதில்லை, ஆனால் ஸ்லைடரை நகர்த்திவிட்டுக் கைகட்டிக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கார்டு சாகப்போகிறதா, டிரைவரில் கோளாறா, மென்பொருளில் கோளாறா என்பதை எப்படிப் பிரித்தறிவது? புதிய கார்டு வாங்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பழையலென்ஸ்:

நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிகளையும் ஒரே நோயாக எண்ணிக்கொண்டு மருந்து தேடினால் வழி கிடைக்காது, தனித்தனியாகப் பாருங்கள். இத்தகைய மென்பொருள்கள் கிராஃபிக்ஸ் கார்டிடம் இரண்டு வேலைகளை ஒப்படைக்கின்றன. படத்தைத் திரையில் வரைவது, பெரிதாக்குவது, நகர்த்துவது ஆகியவை ஒரு வகை. இரைச்சல் நீக்கம், லென்ஸ் திருத்தம் போன்ற கணக்கீடுகளைச் செய்து தருவது இன்னொரு வகை. 2008இல் வந்த ஃபோட்டோஷாப் சிஎஸ்4 முதன்முதலாக ஜிபியுவைப் பயன்படுத்தியபோது, பெரும்பாலும் முதல் வகை வேலைக்குத்தான் பயன்படுத்தியது. லைட்ரூம் கிளாசிக்கில் திருத்தக் கணக்குகளின் பெரும்பகுதி ஜிபியுவுக்குப் போனது 2019இல் வந்த 8.4 பதிப்பில், எக்ஸ்போர்ட் வேலை போனது 2022இல் வந்த 11.4 பதிப்பில். வரலாறு எதற்கு என்று கேட்காதீர்கள். செட்டிங்ஸில் பல மென்பொருள்கள் இவ்விரண்டையும் இன்னும் தனித்தனியாகவே அணைக்கவும் இயக்கவும் விடுகின்றன. அதனால் எது கெடுக்கிறது என்பதைச் சோதிக்க நமக்கு ஒரு வழி கிடைக்கிறது. திரைக்காட்சிக்கான முடுக்கத்தை மட்டும் விட்டுவைத்துக் கணக்கீட்டு முடுக்கத்தை அணையுங்கள். கறுப்புக் கட்டங்கள் மறைந்தால் குற்றவாளி கணக்கீட்டுப் பக்கம் இருக்கிறது.

திரை ஒரு நொடி இருண்டு மீள்வதற்கு விண்டோஸில் ஒரு குறிப்பிட்ட காரணம் உண்டு. கார்டுக்குக் கொடுத்த வேலை ஒன்று, இயல்பான அமைப்பில், 2 நொடிகளுக்குள் முடியாமலும் இடைநிறுத்த முடியாமலும் போனால், கார்டு உறைந்துவிட்டது என்று விண்டோஸ் முடிவுகட்டி டிரைவரை மறுதொடக்கம் செய்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு டிடிஆர் என்று பெயர்; விஸ்டா காலத்திலிருந்து இருக்கிறது. அப்படி மறுதொடக்கம் ஆகும்போது மென்பொருள் கார்டில் வைத்திருந்த தரவெல்லாம் அழிந்துபோகும். எச்சரிக்கையான மென்பொருள் அந்தக் கணமே ஜிபியுவைக் கைவிட்டு, கணினியின் முதன்மைச் செயலியான சிபியுவுக்குத் திரும்பிவிடும். உங்களிடம் தானாக அணைவது இதனால்தான் இருக்க வேண்டும். உறுதிசெய்துகொள்ள, ஈவன்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ் பகுதியின் சிஸ்டம் பட்டியலைத் திறந்து, திரை இருண்ட நேரத்தில் 4101 என்ற எண்ணுள்ள பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள்.

அடுத்தது, வேலையைச் செய்வது எது என்று அளந்து பார்ப்பது. செட்டிங்ஸில் ஜிபியு என்ற பெட்டியில் டிக் போடுவது ஒரு விண்ணப்பம்தான். அது ஏற்கப்பட்டதா என்பதை அந்த டிக் சொல்லாது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் உங்கள் கார்டைத் தேர்ந்தெடுங்கள். அங்கே முதலில் தெரியும் வரைபடங்களில் ‘3டி’ என்பதை மட்டும் பார்த்துவிட்டு, ‘கார்டு சும்மா இருக்கிறது’ என்று முடிவுசெய்பவர்கள் ஏராளம். வரைபடத்தின் தலைப்பைச் சொடுக்கி ‘கம்ப்யூட்’ அல்லது ‘குடா’ என்று மாற்றினால்தான் கணக்கீட்டுச் சுமை தெரியும். அதன் கீழே ‘டெடிகேட்டட்’ (கார்டின் சொந்த) மெமரி, ‘ஷேர்டு’ மெமரி என்று இரண்டு கோடுகள் ஓடும். இரைச்சல் நீக்கம் நடக்கும் நேரத்தில் அவை எங்கே நிற்கின்றன என்று எழுதுங்கள்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன்: புதிய மானிட்டரின் கேபிளைக் கார்டின் துளையில்தான் செருகியிருக்கிறீர்களா, மதர்போர்டின் துளையில் இல்லையே? நானே ஒருமுறை இருட்டில் கைவிட்டுச் செருகிவிட்டு, இரண்டு நாட்கள் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தவன்.

அவசரக்காரன்:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் ‘கிராஃபிக்ஸ்டிரைவர்ஸ்’ என்ற பகுதிக்குள் ‘டிடிஆர்டிலே’ என்ற மதிப்பை உருவாக்கி அதில் 60 என்று கொடுத்துவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். 2 நொடி வரம்பு 60 நொடியாகிவிடும், திரை இருளாது. நான் இப்படித்தான் இரண்டு ஆண்டுகளாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

பழையலென்ஸ்:

அந்த வழி வேலை செய்யும் என்பதை மறுக்கவில்லை; ஆனால் அதை முதல் மருந்தாகக் கொடுப்பதை ஏற்க முடியவில்லை. கார்டு மெய்யாகவே உறைந்துபோனால் 60 நொடிகள் திரை அசையாமல் நிற்கும், அதுவரை நீங்கள் எதையும் சேமிக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அந்த மதிப்புகளைச் சோதனைக்கும் பிழைதேடலுக்கும் உரியவை என்றுதான் தன் ஆவணத்தில் குறிப்பிடுகிறது. சோதனையாகவே பயன்படுத்துவோம்: 8 அல்லது 10 என்று வைத்துப் பாருங்கள். வேலை 4 நொடியில் முடிந்து படமும் சரியாக வந்தால், கார்டுக்கு நோயில்லை, சுமைதான் மிகுதி. 10 நொடி கடந்தும் இருண்டால் கதை வேறு. விடை தெரிந்ததும் அந்த மதிப்பை நீக்கிவிடுங்கள்.

பிட்டும்பைட்டும்:

கேள்வியில் 45 மெகாபிக்சல், 4 ஜிபி, 4கே என்ற மூன்று எண்களைப் பார்த்ததுமே எனக்கு மெமரியின் மேல்தான் ஐயம் விழுந்தது. கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

ரா கோப்பு வட்டில் 50 எம்பியோ 60 எம்பியோதான் இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. டார்க்டேபிள் போன்ற ரா திருத்த மென்பொருள், நிறங்களைப் பிரித்தெடுத்த பிறகு ஒவ்வொரு பிக்சலையும் நான்கு மதிப்புகளாக வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு மதிப்பும் 32 பிட் மிதவைப்புள்ளி எண் (பின்னங்களையும் குறிக்கவல்ல எண்), அதாவது 4 பைட். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுதானே என்றால், நான்காவது இடம் கணக்கீட்டு ஒழுங்குக்காகவும் மாஸ்க்குக்காகவும் ஒதுக்கப்படுவது. ஆக ஒரு பிக்சலுக்கு 16 பைட்; 45 மெகாபிக்சலுக்கு 720 எம்பி. இது படத்தின் ஒரே ஒரு பிரதி. ஒரு வடிகட்டி இயங்க உள்ளே வரும் பிரதி ஒன்றும் வெளியே போகும் பிரதி ஒன்றும் வேண்டும், 1,440 எம்பி ஆயிற்று. இரைச்சல் நீக்கம் படத்தைப் பல நுண்மை அடுக்குகளாகப் பிரித்துப் பார்ப்பதால் இடைநிலைப் பிரதிகளும் வேண்டும். மூன்று இடைநிலைப் பிரதிகள் என்று வைத்தாலே மொத்தம் 3,600 எம்பி. உங்கள் கார்டில் இருப்பது 4 ஜிபி. அதிலும் விண்டோஸ், பிரவுசர், திறந்து கிடக்கும் பிற செயலிகள் எல்லாம் முன்கூட்டியே பங்கு எடுத்திருக்கும்.

மானிட்டர் மாறியதும் ஏன் கெட்டது? 4கே திரையில் 83 லட்சம் பிக்சல்கள், ஃபுல் எச்டியில் 21 லட்சம், நான்கு மடங்கு. திரையின் ஒரு பிரதிக்கு 33 எம்பிதான், அது பெரிய தொகையில்லை. ஆனால் ஒவ்வொரு சாளரமும் தன் பங்குக்குச் சில பிரதிகளை வைத்துக்கொள்ளும், பிரவுசர் ஒவ்வொரு தாவலையும் துண்டு துண்டாக வரைந்து வைத்துக்கொள்ளும், உங்கள் மென்பொருளும் திரையளவுக்கு ப்ரீவியூ கணக்கிடும். எல்லாம் சேர்ந்து சில நூறு எம்பி கூடியிருக்கும். விளிம்பில் நின்ற குடம் ததும்ப அது போதும்.

ததும்பும்போது என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். நல்ல முறையில் எழுதப்பட்ட மென்பொருள், இடம் போதாது என்று முன்பே தெரிந்துகொண்டால், படத்தைத் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு ஒட்டிவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் அக்கம்பக்கத்துப் பிக்சல்கள் வேண்டுமென்பதால் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும். அந்த மிகைப்பகுதி வீண் உழைப்புத்தான், ஆனாலும் விடை சரியாக வரும். மென்பொருள் இடம் இருப்பதாக நம்பிக்கொண்டு கேட்கும்போதுதான் வம்பு. விண்டோஸில் டிரைவர் ‘இல்லை’ என்று சொல்லாமல், கணினியின் ரேமிலிருந்து இடத்தை எடுத்துக் கொடுத்துவிடும். நீங்கள் டாஸ்க் மேனேஜரில் காணும் ‘ஷேர்டு’ மெமரி அதுவே. கார்டின் சொந்த மெமரி நொடிக்கு ஏறத்தாழ 200 ஜிபி வேகத்தில் தரவைக் கொடுக்கும் என்று கொள்வோம். பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0இன் பதினாறு தடங்கள் வழியாக ரேமிலிருந்து வருவது நொடிக்கு ஏறத்தாழ 16 ஜிபிதான். பத்து மடங்குக்கு மேல் வேறுபாடு. அரை நொடியில் முடிய வேண்டிய ஒரு படி 5 நொடியாக நீளும், மேலே சொன்ன 2 நொடி வரம்பு குறுக்கிடும், திரை இருளும். மூன்று அறிகுறிகளையும் இந்த ஒரே காரணத்தால் விளக்கிவிடலாம் என்பது என் கணிப்பு. தனித்தனியாகப் பார்க்கச் சொன்ன பழையலென்ஸ் மன்னிக்க வேண்டும்.

லினக்ஸ்வாசி:

கேள்வி விண்டோஸைப் பற்றியது என்று தெரியும். இதே தலைப்பைத் தேடிக்கொண்டு வரும் லினக்ஸ் பயனருக்காக ஒரு பத்தி. அங்கே பெரும்பாலும் கார்டு வேகம் குறைந்து இயங்குவதில்லை, அடியோடு காணாமல்தான் போகிறது. திரைக்கான டிரைவர் இருந்தாலும் ஓப்பன்சிஎல் என்ற கணக்கீட்டு அடுக்கு தனித் தொகுப்பாக நிறுவப்பட வேண்டியிருக்கும். ‘சிஎல்இன்ஃபோ’ என்ற சிறு கருவியை டெர்மினலில் இயக்கினால் கணக்கிடக்கூடிய எத்தனை சாதனங்கள் தெரிகின்றன என்று சொல்லிவிடும். பூச்சியம் என்று வந்தால் புகைப்பட மென்பொருளின் செட்டிங்ஸைக் கிளறிப் பயனில்லை. சாதாரணப் பயனராக இயக்கும்போது பூச்சியம், ரூட்டாக (நிர்வாகியாக) இயக்கும்போது ஒன்று என்று வந்தால், உங்கள் கணக்கை ‘ரெண்டர்’ குழுவில் சேர்க்க மறந்திருக்கிறீர்கள். மேக் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி: ஆப்பிள் 2018இல் வந்த மொஹாவி பதிப்பிலிருந்து ஓப்பன்சிஎல்லைக் கைவிடப்பட்ட பட்டியலில் சேர்த்துவிட்டது, அங்கே எதிர்காலம் ஆப்பிளின் சொந்த அடுக்கான மெட்டலுக்குத்தான்.

நிழற்பதிவன்:

அனைவருக்கும் நன்றி. சொன்னவற்றைச் செய்து பார்த்து முடிவுகளோடு வந்திருக்கிறேன்.

கேபிள் கார்டில்தான் செருகப்பட்டிருக்கிறது. இருந்தாலும் மேசைக்கடியில் குனிந்து ஒருமுறை பார்த்தேன். ஈவன்ட் வியூவரில் 4101 பதிவுகள் ஒன்பது இருந்தன. முதல் பதிவு புதிய மானிட்டர் வந்த மறுநாள் மாலை. கணக்கீட்டு முடுக்கத்தை மட்டும் அணைத்துவிட்டு இரண்டு நாட்கள் வேலை செய்தேன், திரை ஒருமுறைகூட இருளவில்லை.

முடுக்கத்தை மீண்டும் இயக்கி மெமரிக் கோடுகளைக் கவனித்தபோதுதான் வியப்பு. மென்பொருளைத் திறக்கும் முன்பே டெடிகேட்டட் மெமரியில் 1.3 ஜிபி நிரம்பியிருந்தது. இரைச்சல் நீக்கம் தொடங்கியதும் அது 3.9இல் முட்டி நின்றது, ஷேர்டு மெமரி 0.2இலிருந்து 1.8 ஜிபிக்கு ஏறியது. ஏறிய அந்த நேரத்தில்தான் கம்ப்யூட் வரைபடமும் சமநிலை இழந்து குதிக்கத் தொடங்கியது. பிரவுசரை முற்றிலும் மூடிவிட்டு அதே படத்தை அதே அமைப்பில் இயக்கினேன்: 12 நொடி. பிரவுசரைத் திறந்து வைத்து மீண்டும்: 43 நொடி. மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தேன், விடை மாறவில்லை.

டிடிஆர் மதிப்பை 10 ஆக்கியும் சோதித்தேன். திரை இருளவில்லை, படம் வந்து சேர்ந்தது, ஆனால் அதே 40 சொச்சம் நொடி. மதிப்பை நீக்கிவிட்டேன். ஆக கார்டு பிழைத்துக்கொண்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? இனி ஒவ்வொரு முறையும் பிரவுசரை மூடிவிட்டுத்தான் படம் திருத்த வேண்டுமா?

பிட்டும்பைட்டும்:

கார்டு நலமாகவே இருக்கிறது. சுமையைக் குறைத்ததும் ஒழுங்காக நடக்கும் கார்டைச் சாகப்போவதாகச் சொல்ல மாட்டார்கள். வன்பொருளில் பழுது இருந்தால், சின்னப் படத்திலும் விளையாட்டிலும் வீடியோவிலும்கூடப் பெரும்பாலும் கட்டங்கள் தெரிந்திருக்கும்.

பிரவுசரை மூட வேண்டியதில்லை. அதன் செட்டிங்ஸில் ‘ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷன்’ என்பதை அணைத்தால், அது கார்டிலிருந்து தன் பங்கில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்துவிடும். வீடியோ பார்க்கும்போது சிபியு கொஞ்சம் உழைக்கும், அவ்வளவுதான். அல்லது, படம் திருத்தும் நேரத்துக்கு மட்டும் தனிப் பிரவுசர் புரொஃபைல் ஒன்றை இரண்டு மூன்று தாவல்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட நிலையான தீர்வு, மென்பொருள் கார்டில் எவ்வளவு இடம் எடுக்கலாம் என்ற வரம்பைக் குறைப்பது. டார்க்டேபிளில் 4.0 பதிப்பிலிருந்து இதற்கு ‘ரிசோர்சஸ்’ என்று ஓர் அமைப்பு உண்டு. ‘லார்ஜ்’ என்று வைத்திருப்பவர்கள் ‘டிஃபால்ட்’ அல்லது ‘ஸ்மால்’ என்று இறக்கிவிட்டால், மென்பொருள் தானே படத்தைத் துண்டுபோடத் தொடங்கிவிடும். உங்கள் மென்பொருளிலும் இதற்கு ஈடான ஒன்று இருக்கும். மெமரியைக் குறைத்தால் வேகம் கூடும் என்பது கேட்க முரணாக இருக்கலாம். ஆனால் சொந்த மெமரிக்குள் துண்டு துண்டாகச் செய்யும் வேலை, ரேமுக்கும் கார்டுக்கும் இடையே அலையும் முழு வேலையைவிட விரைவில் முடியும்.

பழையலென்ஸ்:

தனித்தனியாகப் பார்க்கச் சொன்னது நான். ஒரே காரணம் என்று சொன்னவர் வென்றார். ஒப்புக்கொள்கிறேன்.

மாற்றங்களைச் செய்த பிறகு ஒரு சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். ஒரே படத்தை முடுக்கத்தோடு ஒருமுறையும் முடுக்கமின்றி ஒருமுறையும் 16 பிட் டிஃப் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக லேயர்களாக வைத்து, மேல் லேயரின் கலப்பு முறையை ‘டிஃபரன்ஸ்’ என்று மாற்றுங்கள். திரை முழுக்கக் கறுப்பாகத் தெரிய வேண்டும். லெவல்ஸை வலிந்து ஏற்றினால் மெல்லிய தூசி போல ஏதோ தெரியலாம். மிதவைப்புள்ளி எண்களை சிபியுவும் ஜிபியுவும் வெவ்வேறு வரிசையில் கூட்டுவதால் கடைசி இலக்கங்களில் வரும் வேறுபாடு அது, பொருட்படுத்த வேண்டாம். ஒழுங்கான சதுரக் கட்டங்களோ துண்டுகளின் எல்லைக்கோடுகளோ தெரிந்தால், கணக்கு எங்கோ தவறுகிறது. அப்போது டிரைவரை சேஃப் மோடில் முற்றிலும் துடைத்துவிட்டு நிறுவுங்கள். பழையதன் மேல் புதியதாக நிறுவிக்கொண்டே போனால் பழைய எச்சம் போகாது.

நிழற்பதிவன்:

பிரவுசரின் முடுக்கத்தை அணைத்தேன், மென்பொருளின் மெமரி வரம்பையும் ஒரு படி இறக்கினேன். இப்போது 13 நொடி; ஷேர்டு மெமரி 0.2ஐத் தாண்டுவதில்லை. ஐந்து நாட்களாக 4101 பதிவு ஒன்றும் இல்லை. டிஃபரன்ஸ் சோதனையிலும் வெறும் தூசிதான் தெரிந்தது.

ஆனால் ஒரு சிறு முள் மிஞ்சியிருக்கிறது. சென்ற மாதம் திருத்திய முப்பது நாற்பது படங்களில் மட்டும் அதே கறுப்புக் கட்டங்கள் அப்படியே தெரிகின்றன. புதிய படங்களில் இல்லை. அந்தப் பழைய படங்களையே எக்ஸ்போர்ட் செய்தால் கட்டங்கள் இல்லாமல் சுத்தமாக வருகின்றன!

பழையலென்ஸ்:

அவை சேமிக்கப்பட்ட ப்ரீவியூக்கள். டிரைவர் மறுதொடக்கமான கணத்தில் பாதிக் கணக்கில் உருவான ப்ரீவியூவை மென்பொருள் வட்டில் எழுதி வைத்திருக்கிறது. இப்போது அதையே எடுத்துக் காட்டுகிறது. எக்ஸ்போர்ட் ரா கோப்பிலிருந்து புதிதாகக் கணக்கிடுவதால் சரியாக வருகிறது. அந்தப் படங்களைத் தேர்ந்தெடுத்து ப்ரீவியூவை மறுபடி உருவாக்கச் சொல்லுங்கள்; அப்படி ஒரு கட்டளை இல்லையென்றால் மென்பொருளை மூடிவிட்டு கேஷ் கோப்புறையை நீக்குங்கள். நீக்கும் முன் பெயரை இரண்டு முறை படித்துவிடுங்கள்: ப்ரீவியூ கோப்புறையும் கேட்டலாக் கோப்பும் பல மென்பொருள்களில் பக்கத்துப் பக்கத்தில் ஏறத்தாழ ஒரே பெயரில் இருக்கும், கேட்டலாக் போனால் நீங்கள் செய்த திருத்தங்கள் எல்லாம் போய்விடும்.

நிழற்பதிவன்:

கேட்டலாக்கை வேறு வட்டில் பிரதியெடுத்து வைத்துவிட்டு, ப்ரீவியூ கோப்புறையை நீக்கினேன். மறுபடி உருவாக இருபது நிமிடம் ஆயிற்று. கட்டங்கள் ஒன்றும் இல்லை. கார்டு வாங்கும் எண்ணத்தை இப்போதைக்கு ஒத்திவைத்துவிட்டேன்.